அமெரிக்க இலக்கியத்தில் முனைவர் பட்டம்: கல்விப் பின்னணியை அமைத்துக்கொள்ளும் வழி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆங்கிலத் துறைகளில் ‘டாக்டோரல் ஸ்டூடன்ட்’ என்பவரும் ‘டாக்டோரல் கேண்டிடேட்’ என்பவரும் ஒருவரல்லர். சேர்க்கை பெற்ற நாள் முதல் ஒருவர் ஆய்வு மாணவர். வகுப்புகளை முடித்து, வேற்றுமொழித் தகுதியைக் காட்டி, விரிவான தகுதித் தேர்வில் தேறி, ஆய்வேட்டுக்கான முன்வரைவுக்கும் தம்மை வழிநடத்தும் பேராசிரியர் குழுவின் ஒப்புதலைப் பெற்ற பிறகே அவர் ‘கேண்டிடேட்’ என்ற நிலையை அடைகிறார். சில துறைகளில் தேர்வு முடிந்தவுடனேயே அந்த நிலை கிடைத்துவிடும். இந்த நிலைக்கு உரிய கல்விப் பின்னணி எவ்வாறு அமைகிறது என்பதை, தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஆங்கில இலக்கியம் பயின்றுவிட்டு அமெரிக்காவில் அமெரிக்க இலக்கியத்தை ஆய்வு செய்ய எண்ணும் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கல்விப் பின்னணி என்றதும் நம்மில் பெரும்பாலோர் பட்டங்களையும் மதிப்பெண் விழுக்காட்டையும் வரிசைப்படுத்தத் தொடங்கிவிடுகிறோம். அவை வேண்டியவைதாம். ஆனால் இத்துறையில் ஒருவரை மதிப்பிடுகிறவர்கள் வேறு மூன்றைத் தேடுகிறார்கள்: அவர் எவற்றைப் படித்திருக்கிறார், எந்தப் பதிப்பில் படித்திருக்கிறார், எந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த மூன்றுக்கும் விடை சேர்ப்பதற்கானவை.

முதற்படி: கையிலிருக்கும் பட்டங்களை அவர்களுக்குப் புரியும்படி சொல்லுதல்

அமெரிக்க இளங்கலைப் படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. நம்மூர் பி.ஏ. மூன்றே ஆண்டு என்பதால் பலர் தயங்குகிறார்கள்; இரண்டாண்டு எம்.ஏ. சேர்ந்துவிட்டால் பெரும்பாலான துறைகள் அதைப் போதுமானதாக ஏற்றுக்கொள்கின்றன. இலங்கையில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பெற்றவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அமெரிக்காவில் முதுகலை இல்லாமலேயே இளங்கலையிலிருந்து நேராக முனைவர் பட்டப் படிப்புக்குள் செல்லும் வழக்கமும் உண்டு. அவ்வாறு செல்கிறவர்கள் இடையில் முதுகலைப் பட்டத்தைப் பெற்றுக்கொள்வார்கள்.

எம்.ஃபில். முடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளோடு அந்தப் பட்டம் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அது எத்தகைய படிப்பு என்பது அமெரிக்கச் சேர்க்கைக் குழுவினர் பலருக்குத் தெரிந்திராது. “முதுகலைக்குப் பிந்தைய ஆய்வுப் பட்டம், ஆய்வேடு உடையது” என்று ஒரே வாக்கியத்தில் விளக்கி, ஆய்வேட்டின் தலைப்பையும் பொருளையும் அடுத்த வரியில் தருவது நல்லது.

மதிப்பெண் பட்டியலில் ‘அமெரிக்க இலக்கியம்’ என்ற தாளின் பெயரும் எண்ணும் மட்டுமே இருக்கும். அந்தத் தாளில் நீங்கள் பயின்றது எமர்சனின் ஒரு கட்டுரையும் விட்மனின் இரண்டு கவிதைகளுமா, அல்லது ஒரு பருவம் முழுவதும் நாவல்களா என்பது பட்டியலிலிருந்து தெரியாது. ஆகவே பாடத்திட்டத்தின் படியைத் துறையிலிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடும். பிறகு பழையதைத் தேடுவது கடினம்.

தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வுகளில் ஆங்கில இலக்கியத்துக்கென நடத்தப்பட்ட பாடத்தேர்வு 2021இல் நின்றுவிட்டது; பொது ஜி.ஆர்.இ. தேர்வையும் பல ஆங்கிலத் துறைகள் இப்போது கேட்பதில்லை. ஆங்கில மொழித் தகுதித் தேர்வு வேண்டுமா என்பதைத் துறைக்குத் துறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: வாசிப்பின் இடைவெளிகளைக் காலவரிசையில் நிரப்புதல்

நம்மூர் முதுகலைப் பாடத்திட்டத்தில் அமெரிக்க இலக்கியம் பெரும்பாலும் ஓரிரு தாள்களுக்குள் அடங்கிவிடுகிறது. எமர்சன், தோரோ, விட்மன், டிக்கின்சன், ஃப்ராஸ்ட், ஓ’நீல், மில்லர், ஹெமிங்வே, மாரிசன் என்று உச்சிகளைத் தொட்டுச் செல்லும் வாசிப்பு அது. அமெரிக்காவில் இளங்கலை முடித்துவரும் மாணவருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு அறிவில் இல்லை, உச்சிகளுக்கு நடுவிலுள்ள நிலத்தில் நடந்து பழகியதில் இருக்கிறது. அந்த நிலத்தை ஓராண்டில் ஓரளவு நடந்து தீர்த்துவிடலாம்.

துறையின் வழக்கப்படி உள்நாட்டுப் போர் முடிந்த 1865 ஒரு பெரிய எல்லைக்கல். அதற்கு முன்னும் பின்னும் என்று பாடங்களைப் பகுக்கிறார்கள். குடியேற்றக் காலத்தில் தொடங்குங்கள். ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைத் தொகுதி 1650இலும், அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஃபிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுதி 1773இலும் வெளிவந்தன. இரண்டுமே அச்சானது லண்டனில். அமெரிக்க இலக்கியத்தின் தொடக்கம் அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் நிகழ்ந்தது என்பதை இந்த ஒரு செய்தியே உணர்த்திவிடும். பிறகு ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றையும், ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட தன்வரலாற்றையும் அதே காலத்து ஹாத்தார்ன், மெல்வில் ஆகியோரோடு சேர்த்துப் படியுங்கள். போருக்குப் பின் ட்வெய்ன், ஹென்றி ஜேம்ஸ் ஆகியோரோடு சார்ல்ஸ் செஸ்னட்டையும் எடித் வார்ட்டனையும், இருபதாம் நூற்றாண்டில் ஃபாக்னரோடு, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் எழுந்த கறுப்பினக் கலை இலக்கிய இயக்கமான ஹார்லெம் மறுமலர்ச்சிக் காலத்து எழுத்தாளர்களையும், 1969இல் புலிட்சர் பரிசு பெற்ற பழங்குடி எழுத்தாளர் ஸ்காட் மாமடேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையாகப் படிக்கும் இந்தப் பழக்கம்தான் பிற்காலத் தகுதித் தேர்வில் கைகொடுக்கும்.

படைப்புகளோடு துறையின் வரலாற்றையும் அறிந்திருப்பது அவசியம். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். அமெரிக்க இலக்கியம் தனிப்படிப்பாக மதிக்கப்பட்டதே இருபதாம் நூற்றாண்டில்தான். டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து ‘அமெரிக்கன் லிட்டரேச்சர்’ என்னும் ஆய்விதழ் 1929இல் தொடங்கியது. எஃப்.ஓ. மத்தீசன் 1941இல் எழுதிய ‘அமெரிக்கன் ரெனசான்ஸ்’ என்னும் நூல் எமர்சன், தோரோ, ஹாத்தார்ன், மெல்வில், விட்மன் ஆகிய ஐவரை நடுவில் வைத்து ஒரு மரபை வகுத்தது. ஐவரும் வெள்ளையர், ஐவரும் ஆண்கள், ஐவரும் வடகிழக்குப் பகுதியினர். பெண்களையும் கறுப்பினத்தவரையும் பழங்குடியினரையும் குடியேறிகளையும் அந்த மரபுக்குள் கொண்டுவரப் பின்வந்த தலைமுறையினர் போராடினார்கள். பால் லாட்டர் தலைமையில் 1990இல் வெளிவந்த ‘ஹீத்’ அமெரிக்க இலக்கியத் தொகைநூல் அந்தப் போராட்டத்தின் விளைவு. இன்று ஒரு துறையில் யார் எதை ஆய்வு செய்கிறார்கள் என்பதற்கு இந்த வரலாறுதான் விளக்கம். இதை அறியாமல் எழுதப்படும் விண்ணப்பம், அரை நூற்றாண்டுக்கு முந்தைய விவாதம் ஒன்றைப் புதிதென்று எண்ணி எழுதியதாகப் படிப்பவருக்குத் தோன்றும்.

மூன்றாம் படி: பதிப்பை அறிந்து படித்தல்

இந்தப் படியில் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதையைப் பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாடபேதம் என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அமெரிக்க நூல்களைக் கையில் எடுக்கும்போது, கிடைத்த மலிவுப் பதிப்பே மூலம் என்று எண்ணிவிடுகிறோம்.

விட்மனின் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ 1855இல் வந்தபோது அதில் இருந்தவை 12 கவிதைகள். 1891–92இல் வந்த இறுதிப் பதிப்பில் அவை ஏறக்குறைய 400 ஆகிவிட்டிருந்தன. இடைப்பட்ட பதிப்புகளில் அவர் சேர்த்தும் நீக்கியும் வரிசை மாற்றியும் திருத்திக்கொண்டே இருந்தார். ஆகவே அந்த நூலைப் பற்றி எழுதுகிறவர் எந்த ஆண்டுப் பதிப்பு என்று சொல்லாவிட்டால் அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதே தெளிவாவதில்லை. மெல்விலின் திமிங்கில நாவலான ‘மோபி டிக்’ 1851 அக்டோபரில் லண்டனிலும் நவம்பரில் நியூயார்க்கிலும் வெளிவந்தது. கதைசொல்லி எவ்வாறு உயிர்தப்பினான் என்று கூறும் பின்னுரை லண்டன் பதிப்பில் விடுபட்டுவிட்டது. எல்லோரும் மூழ்கிவிட்டார்கள் என்றால் கதையைச் சொன்னவன் யார் என்று அங்குள்ள மதிப்புரையாளர்கள் சிலர் குறை கூறியதற்குக் காரணம் அதுதான்.

எமிலி டிக்கின்சனின் நிலை இன்னும் நுட்பமானது. அவர் எழுதியவை ஏறத்தாழ 1,800 கவிதைகள். வாழ்நாளில் அச்சேறியவை சுமார் பத்து. அவர் 1886இல் மறைந்த பிறகு 1890இல் வந்த முதல் தொகுதியில் பதிப்பாசிரியர்கள் வரிகளின் நடுவே அவர் இட்ட சிறு இடைக்கோடுகளை நீக்கினார்கள், எதுகையைச் சீர்ப்படுத்தினார்கள், தலைப்புகளைச் சேர்த்தார்கள். கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டுத் தாமஸ் ஜான்சன் 1955இலும் ஆர்.டபிள்யூ. ஃபிராங்க்ளின் 1998இலும் பதிப்பித்தார்கள்; இருவரும் கவிதைகளுக்கு இட்ட எண்களும் வெவ்வேறு. என் முதல் ஆய்வரங்கில், கோடுகள் நீக்கப்பட்ட பழைய வடிவம் ஒன்றிலிருந்து ஒரு கவிதையை மேற்கோள் காட்டி, அதன் ஓட்டத்தைப் பற்றி நீண்ட விளக்கம் அளித்தேன். எந்தப் பதிப்பு என்று ஒருவர் அமைதியாகக் கேட்டார். நான் விளக்கிய ஓட்டம் கவிஞருடையது அன்று, பதிப்பாசிரியருடையது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று முதல் எந்த நூலைப் படித்தாலும் பதிப்பாசிரியர் பெயரையும் ஆண்டையும் அடிப்படையாகக் கொண்ட மூலத்தையும் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிவிடுகிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

நான்காம் படி: ஆவணக் காப்பகத்தோடு பழகுதல்

ஹேரியட் ஜேக்கப்ஸின் தன்வரலாறு புனைபெயரில் வெளிவந்தது. அது ஒரு வெள்ளைப் பெண்மணி எழுதிய கற்பனை என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் என்னும் ஆய்வாளர், ஜேக்கப்ஸ் தம் தோழி ஏமி போஸ்டுக்கு எழுதிய கடிதங்களை ஆராய்ந்து, அந்த நூல் ஜேக்கப்ஸ் தம் கையால் எழுதியதே என்று நிறுவினார். அவருடைய பதிப்பு 1987இல் வெளிவந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஒரு பெண்ணின் சொந்தக் குரலை நூற்றாண்டு கடந்து அவருக்கே மீட்டுக் கொடுத்தவை ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த கடிதங்கள். ஆவணப் பயிற்சி ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்தக் கதையைத்தான்.

முந்தைய தலைமுறை இந்திய ஆய்வாளர்கள், 1964இல் ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய அமெரிக்க ஆய்வு மையத்தின் நூலகத்தை நாடிச் சென்று, தங்கிக் குறிப்பெடுத்து வந்தார்கள். இன்று வீட்டிலிருந்தே தொடங்க முடியும். விட்மன் ஆவணக் காப்பகமும் டிக்கின்சன் ஆவணக் காப்பகமும் கையெழுத்துப் படிகளைக் கட்டணமின்றிக் காட்டுகின்றன. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ‘டாக்குமென்டிங் தி அமெரிக்கன் சவுத்’ தொகுப்பில் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களின் தன்வரலாறுகள் கிடைக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘கிரானிக்ளிங் அமெரிக்கா’ பழைய செய்தித்தாள்களைத் தேடத் தருகிறது. ஒரு நாவல் வெளிவந்த ஆண்டின் நாளிதழ்களில் அதைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடி நான்கு பக்கம் எழுதிப் பாருங்கள். பெரிய கோட்பாட்டுச் சொற்கள் எவையும் இல்லாத அந்த நான்கு பக்கங்கள் உங்கள் விண்ணப்பத்துக்கு மிகுந்த வலிமை சேர்க்கும்.

ஐந்தாம் படி: மொழி

அமெரிக்க இலக்கியம் ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்டதன்று. ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், இட்டிஷ் முதலிய மொழிகளிலும் எழுதப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவுக் குடிவரவு நிலையத்தில் அடைத்துவைக்கப்பட்ட சீனர்கள் அதன் சுவர்களில் சீன மொழியில் கவிதைகளைச் செதுக்கினார்கள். முனைவர் பட்டத்துக்கு ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியிலாவது வாசிப்புத் திறன் வேண்டும் என்று பல துறைகள் விதித்திருக்கின்றன. சில துறைகள் தமிழை ஏற்றுக்கொள்ளும். சில, ஆய்வோடு தொடர்புடைய மொழியையே கேட்கும். எந்த ஐயமும் இல்லாமல் பயன்படக்கூடியது ஸ்பானியம்.

ஆறாம் படி: விண்ணப்பத்தில் பின்னணியை எழுதுதல்

எழுத்து மாதிரி, நோக்க உரை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை விண்ணப்பத்தின் உயிர்நிலைகள். எழுத்து மாதிரி பொதுவாக 15 முதல் 25 பக்கம் வரை இருக்கும். ஒரே நூலையோ ஓரிரு நூல்களையோ நெருங்கிப் படித்த கட்டுரையாக அது இருக்கட்டும். ஐந்து நாவல்களில் ஒரு கருப்பொருளைத் தேடும் கட்டுரை ஆழத்தைக் காட்டுவதில்லை. நோக்க உரையில் “சிறு வயதிலிருந்தே எனக்கு இலக்கிய ஆர்வம் உண்டு” என்று தொடங்க வேண்டாம். எந்த நூலில் எந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது, அதற்கு இதுவரை ஆய்வாளர்கள் தந்த விடை ஏன் போதவில்லை, அந்தத் துறையில் யாரிடம் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். பரிந்துரை எழுதும் ஆசிரியருக்கு உங்கள் கட்டுரையின் படியையும் நோக்க உரையையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். நற்குணங்களை மட்டும் கூறும் கடிதத்தைவிட உங்கள் கட்டுரையின் ஒரு வாதத்தை எடுத்துப் பேசும் கடிதம் பல மடங்கு பயன் தரும்.

பணம் வாங்கிக்கொண்டு சில நாள்களில் வெளியிட்டுவிடும் இதழ்களில் வந்த கட்டுரைகளைப் பட்டியலிட வேண்டாம். பத்துக் கட்டுரைகள் அவ்வாறு இருந்தால் அவை பின்னணியைக் கெடுக்கின்றன. ஓர் இதழ், ‘மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன்’ என்னும் அமெரிக்க அமைப்பின் ‘எம்.எல்.ஏ. சர்வதேச நூலடைவில்’ இடம்பெறுகிறதா என்று பார்ப்பது முதற்கட்டச் சோதனையாக உதவும்.

இந்தியாவிலேயே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறவர்கள், தங்கள் பல்கலைக்கழகத்தை விட்டுவிடாமல் சில மாதங்கள் அமெரிக்க நூலகங்களில் பணியாற்ற ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு நல்கை (நிதியுதவி) ஒரு வழி. அதற்கும் மேலே சொன்ன அதே ஆயத்தம்தான் தேவைப்படும்.

ஏழாம் படி: சேர்ந்த பிறகு, தகுதித் தேர்வு வரை

முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வகுப்புகளில் செல்லும். ஒவ்வொரு வகுப்புக்கும் எழுதும் பருவக் கட்டுரையை ஒரே பெருங்கேள்வியின் பகுதியாக அமைத்துக்கொள்ள முயலுங்கள். அதே காலத்தில் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் பொறுப்பும் வரும். கல்விக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் பெரும்பாலும் இந்தப் பணியோடு இணைந்தவை.

தகுதித் தேர்வுக்கான நூற்பட்டியலை மாணவரே தம் குழுவோடு கலந்து தயாரிப்பது பரவலான வழக்கம். ஒரு காலகட்டத்துக்கு ஒரு பட்டியல், ஒரு வகைமைக்கோ கோட்பாட்டுக்கோ மற்றொன்று, ஆய்வேட்டின் பொருளுக்கு மூன்றாவது என்று பிரிப்பார்கள். மொத்தம் நூறு நூல்களைத் தாண்டிச் செல்வதும் உண்டு. நம் கல்விமுறையில் பாடத்திட்டம் மேலிருந்து வரும். இங்கே பட்டியலை நாமே முன்மொழிந்து, ஒவ்வொரு நூலும் ஏன் அதில் இருக்கிறது என்று விளக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதுவே கடினமான மாற்றம். எனக்கும் பல மாதங்கள் பிடித்தன. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: பதிப்பு, வாதம், வடிவம், பட்டியலில் அது எந்த நூலோடு உரையாடுகிறது. இந்த நான்காவது வரிதான் வாய்மொழித் தேர்வில் கேட்கப்படுவது. “டக்ளஸின் 1845 நூலை ஜேக்கப்ஸின் நூலோடு சேர்த்துப் படித்தால் எது மாறுகிறது?” என்ற வகையிலேயே கேள்விகள் வரும், ஒரு நூலின் கதைச்சுருக்கத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

தேர்வில் தேறியபின் முன்வரைவு. ஆய்வுக் கேள்வி, முன்னாய்வுகளின் நிலை, இயல்களின் அமைப்பு, பார்க்க வேண்டிய காப்பகங்கள் ஆகியவற்றை அது கூறும். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் 1812இல் நிறுவப்பட்ட அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி, சிகாகோவின் நியூபெரி நூலகம் போன்றவை ஆய்வாளர்களுக்குக் குறுகிய கால நல்கைகள் தருகின்றன. முன்வரைவிலேயே எந்தத் தொகுப்பு, எந்தப் பெட்டி என்று குறித்துவிட்டால் நல்கை விண்ணப்பம் பாதி எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: கல்விப் பின்னணியைச் சுருக்கமாக எழுதிவைத்தல்

தன்விவரக் குறிப்பில் அண்மைப் பட்டம் முதலில் வர வேண்டும். முனைவர் பட்டம் இன்னும் கிடைக்கவில்லை என்றால் “எதிர்பார்க்கப்படும் ஆண்டு” என்று குறித்து, அதன்கீழ் ஆய்வேட்டின் தலைப்பு, குழுத் தலைவரின் பெயர், தகுதித் தேர்வின் துறைகள், ‘கேண்டிடேட்’ நிலை பெற்ற மாதமும் ஆண்டும் ஆகியவற்றை எழுத வேண்டும். நிலை பெறுவதற்கு முன்பே அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது பொய்யுரையாகக் கருதப்படும். அடுத்து முதுகலை, இளங்கலை. பிறகு வெளியீடுகள், நல்கைகள், கருத்தரங்க உரைகள், கற்பித்த பாடங்கள், மொழிகள். ஏற்றுக்கொள்ளப்பட்டு இன்னும் அச்சேறாத கட்டுரையையும் பரிசீலனையில் உள்ள கட்டுரையையும் வெவ்வேறாகக் காட்டுங்கள். பள்ளி மதிப்பெண், பிறந்த தேதி, தந்தை பெயர், நிழற்படம் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை.

கருத்தரங்குகளுக்கு நூறு சொல்லில் ஒரு குறிப்பும் கேட்பார்கள். முதல் வாக்கியத்தில் பல்கலைக்கழகமும் நிலையும். இரண்டாவதில் காலகட்டமும் ஆய்வேட்டின் கேள்வியும். மூன்றாவதில் பணியாற்றிய காப்பகம் அல்லது வெளிவந்த கட்டுரை. கடைசியில் முந்தைய பட்டங்கள், அவை மதுரையில் பெற்றவையானாலும் யாழ்ப்பாணத்தில் பெற்றவையானாலும், பல்கலைக்கழகத்தின் முழுப்பெயரோடு. ஒவ்வொரு பருவம் முடியும்போதும் இந்த இரண்டு தாள்களையும் திறந்து, அந்தப் பருவத்தில் படித்ததையும் கற்பித்ததையும் தேதியோடு சேர்த்துவிடுங்கள்.